சல்யூட் அண்ணனின் வலது கை

வலது கை மேலே போகிறது. மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, நெற்றிக்குப் பாதி வழி போனதும் அவருக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. கை அந்தரத்தில் கொஞ்சம் தயங்கி, வேறு போக்கிடம் இல்லாமல் காதுக்குத் திரும்பி, அங்கே சொறிகிறது. கணக்கு அலுவலகத்துப் பெரியவர் கதவைத் தாண்டி உள்ளே போகிறார். அவருக்குப் பின்னால் டியூஷன் சென்டர் டீச்சர். மறுபடியும் கை, மறுபடியும் காது. காலையில் கட்டடம் நிரம்புகிற நேரத்துக்குள் எங்கள் வாசல் காவலாளி தன் வலது காதை ஒரு வழி பண்ணிவிடுகிறார். முந்தாநாள் வரை இதுதான் தினசரிக் காட்சி.

தரைத்தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிற அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. ஒருநாள் காது மருந்துப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, "காலையில ரெண்டு சொட்டு, சாயங்காலம் ரெண்டு சொட்டு. விட்டுட்டு தலையைச் சாய்ச்சு வெச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லெண்ணத்தை மறுத்துப் பேசுவது நம் ஆளுக்குத் தெரியாத வித்தை. இரண்டு நாள் தலையைச் சாய்த்துக்கொண்டே வாசலில் நின்றார். அவர் நம்மைச் சந்தேகமாகப் பார்க்கிறார் என்று கூரியர்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

காதில் ஒன்றும் இல்லை. கோளாறு கையில். அந்தக் கை பல வருஷமாக எங்கள் கட்டடத்துக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் சல்யூட் அடித்த கை. அவரை நாங்கள் கூப்பிடுவதே சல்யூட் அண்ணன் என்றுதான். அந்த சல்யூட்டை இப்போது தடை செய்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒல்லி, நெட்டை, நரைத்த மீசை. மீசையைப் பார்த்து மிரள்கிறவர்கள் அவர் வாயைத் திறந்ததும் தைரியமாகிவிடுவார்கள். தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோன்ற குரல். சீருடை மட்டும் எப்போதும் விறைப்பு. அவர் மனைவி வீட்டிலேயே இஸ்திரிக் கடை நடத்துகிறவர். அண்ணனின் கால்சட்டை மடிப்பு வாசற்படி வரை நேர்கோடாக இறங்கும். அந்த மடிப்புக்குப் பயந்து அவர் வேலை நேரத்தில் உட்காரவே மாட்டார். கையை அதில் துடைக்கவும் மாட்டார். "அவ பார்த்தான்னா கேள்வி மேல கேள்வி வரும் மேடம்" என்பார்.

அவருடைய சல்யூட்டில் பல ரகம் உண்டு. கட்டட முதலாளிக்கு குதிகால் தட்டி முழு சல்யூட். இரண்டாம் மாடி பல் டாக்டருக்கு அதில் குதிகாலை மட்டும் கழித்துக்கொண்டு மீதி. மூன்றாம் மாடியில் மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்துகிற எனக்கு, சிரிப்போடு சேர்த்து ஒன்று. தண்ணீர் கேன் கொண்டு வருகிறவருக்கு இரண்டு விரல். யாரும் இல்லாமல் லிப்ட் தானாகத் திறந்தால் அதற்கும் ஒன்று வைத்துவிட்டு அசடு வழிவார். துணிக்கடைக்கு வந்த பொம்மையை இரண்டு பேர் நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு போனபோது பொம்மைக்கு சல்யூட் வைத்தார். "நல்ல டிரஸ் போட்டிருந்துச்சு மேடம், யாரோ பெரிய இடம்னு நினைச்சுட்டேன்" என்று எனக்கு விளக்கம் வேறு.

சேர்ந்த புதிதில் அவருக்குச் சொல்லித் தந்தது இரண்டே விஷயம்: கதவைத் திற, சல்யூட் வை. அதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் போதும் என்று அப்போதைய நிர்வாகம் நினைத்தது. மீதி நேரத்தில் நாங்கள் அவரை எங்கள் இஷ்டத்துக்கு வேலை வாங்கினோம். பார்சல் வாங்கி வைப்பார், கார் எடுக்க வழி பார்த்துச் சொல்வார், டீச்சரின் குடையை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வருவார். கட்டடத்தில் திருட்டு நடந்தால் முதலில் அவரைத்தான் சந்தேகப்படுவார்கள். நடக்காவிட்டால் அவர் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. வாட்ச்மேன் என்றால் அவ்வளவுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்வானேன்.

இந்த வருஷம் எல்லாம் மாறிப்போயிற்று. கட்டடத்துக்கு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியோடு புது ஒப்பந்தம், சட்டைக்குப் புது பட்டை. பட்டையில் 'பொதுப் பாதுகாப்பு உதவியாளர்' என்று எழுதியிருந்தது. தோளில் வாக்கி டாக்கி, இடுப்பில் முதலுதவிப் பை. கூடவே ஒரு பயிற்சியாளர் மேடம் வந்து சேர்ந்தார். தீயணைப்புத் துறையில் இருந்தவராம். குள்ளமான உருவம். ஆனால் அவர் ஒரு 'ம்' போட்டால் நான்காவது மாடி வரை கேட்கும்.

அண்ணனுக்கும் மாடிகளுக்குப் புதிதாகப் போட்ட காவலாளிகளுக்கும் முதல் வகுப்பைக் கார் நிறுத்துமிடத்தில் நடத்தினார். வேடிக்கை பார்க்க நான் படியில் நின்றேன். "போலீஸ் வர்ற வரைக்கும் யாரு? ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் யாரு? தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும் யாரு? நீங்கதான். அவங்க எல்லாம் வருவாங்க, கண்டிப்பா வருவாங்க. அந்த 'வர்ற வரைக்கும்'தான் உங்க வேலை" என்றார். காவலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு அந்த வார்த்தை அப்படியே பிடித்துப்போய்விட்டது. அன்று சாயங்காலமே என்னிடம், "மேடம், நான் இப்ப வர்ற வரைக்கும் ஆளு" என்று பெருமையாகச் சொன்னார்.

அடுத்துத்தான் இடி விழுந்தது. "சல்யூட் கிடையாது" என்றார் பயிற்சியாளர். "சல்யூட் வைக்கிறப்ப ஒரு கை மாட்டிக்குது, கண்ணு மேல போயிடுது. வர்றவங்க முகத்தை அப்புறம் பாருங்க. முதல்ல கையைப் பாருங்க. தப்பு பண்றவன் முகத்தால பண்ண மாட்டான், கையாலதான் பண்ணுவான். உங்க கை ரெண்டும் எப்பவும் சும்மா இருக்கணும்." அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அண்ணனும் தலையாட்டினார். வகுப்பு முடிந்ததும் நன்றி சொல்வதாக நினைத்து அந்த அம்மாவுக்கே ஒரு சல்யூட் வைத்தார்.

மற்றபடி புது வேலையில் அவர் சூரர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படிக்கட்டில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைப்பது கணக்கு அலுவலகத்தின் நெடுநாள் வழக்கம். அண்ணன் தினமும் போய், "ஐயா, இது படியா, பரணா?" என்று அந்த மெல்லிய குரலில் கேட்டுக் கேட்டே பெட்டிகளைக் காலி செய்ய வைத்துவிட்டார். லிப்ட் வாசலில் ஓர் அம்மா மயங்கி விழுந்தபோது கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லி, அந்த அம்மாவின் காலை உயர்த்தி வைத்து, ஆம்புலன்ஸ் வருகிறவரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பேசுவதற்கா அவருக்குச் சொல்லித் தரவேண்டும்? அந்த அம்மா கண் விழித்ததும் அவரிடம் மகன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ரோந்து போலீஸ்காரர்கள் முன்பெல்லாம் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். இப்போது தினமும் ஒருமுறை நின்று, "புதுசா ஏதாவது கண்ணுல பட்டுச்சா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

எல்லாம் வந்தது. கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

எங்களுக்கும் நிலைமை அப்படித்தான். வாசலில் சல்யூட் இல்லாத முதல் நாள் எனக்கு எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. என்னைவிடப் பல் டாக்டருக்குத்தான் பொறுக்கவில்லை. நல்ல மனிதர், கைராசிக்காரர், வலிக்காமல் பிடுங்குவார். ஆனால் கொஞ்சம் பந்தா. வாசனைத் திரவியம் ஒரு மாடி முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். அவர் நேராக முதலாளியிடம் போய், "இந்தக் கட்டடத்துல மரியாதைன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் போச்சு" என்று புகார் சொன்னார். முதலாளி வாசல் பக்கம் வந்து அண்ணனின் காதருகே, "டாக்டருக்கு மட்டும் வெச்சுடுப்பா. அந்தம்மா பார்க்காதப்போ" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் பாவம், ஒரு கைக்கு இரண்டு எஜமானர்கள்.

இந்த லட்சணத்தில்தான் முதல் ஒத்திகை வந்தது. தீ விபத்து என்று வைத்துக்கொண்டு மணி அடிப்பார்கள். நாங்கள் படி வழியாக இறங்கி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும். வாசல் காவலாளிக்கு இரண்டே கட்டளை: உள்ளே இருப்பவர்களை வேகமாக வெளியே அனுப்பு, வெளியே இருப்பவர் யாரையும் உள்ளே விடாதே.

மணி அடித்தது. அண்ணன் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து, நிமிர்ந்து நின்று, பதற்றத்தில் பழைய நினைப்பு வந்து, வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் சல்யூட் வைக்கத் தொடங்கினார். பல நாள் பசியில் இருந்த ஜனங்கள் ஆயிற்றே, நாங்கள் விடுவோமா? ஒவ்வொருவரும் நின்று தலையசைத்து, "எப்படி இருக்கீங்கண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனோம். பின்னால் வரிசை முதல் மாடிப் படி வரை தேங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எதிரே வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் போன். அண்ணன் அவரைப் பார்த்தார். முதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. பயிற்சியாளர் மாடியில் இருந்தார். குதிகாலையும் சேர்த்து ஒரு முழு சல்யூட் அடித்து, "வாங்க டாக்டர்" என்று வழிவிட்டார். வெளியே வந்துகொண்டிருந்த நாங்களும் மரியாதையாக ஒதுங்கி நின்றோம். டாக்டர் பரம திருப்தியோடு, எரிகிறதாகச் சொல்லப்பட்ட கட்டடத்துக்குள் நுழைந்து, இரண்டாம் மாடி ஏறி, தன் நாற்காலியில் உட்கார்ந்து போன் பேச்சைத் தொடர்ந்தார்.

ஒத்திகையில் உள்ளே அகப்படுகிறவர்கள் சட்டையில் பயிற்சியாளர் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். டாக்டர் அந்த ஸ்டிக்கரோடு கீழே இறங்கி வந்தார்.

"என்னம்மா இது? எதுக்கு என் மேல ஒட்டினீங்க?"

"சார், நீங்க இறந்துட்டீங்க."

"யாரு, நானா? எப்போ?"

"இப்பத்தான். புகையில."

"நாலு மணிக்கு எனக்குப் பேஷன்ட் இருக்காங்களேம்மா!"

"அவங்க இனிமே வேற டாக்டரைத்தான் பார்க்கணும் சார்."

கட்டடத்துக்கு ஒரு வாரம் இதே பேச்சு. "டாக்டர் இருக்காரா?" என்று யாராவது கேட்டால் அடித்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பெருமூச்சு விட்டு, "நல்லாத்தான் இருந்தாரு" என்பார். டாக்டர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய ஒரே ஒரு சல்யூட் இப்படி ஆகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அண்ணனோ இடிந்துபோனார். "கொன்னுட்டேன் மேடம். நல்ல மனுசரை வணக்கம் வெச்சே கொன்னுட்டேன்" என்று என்னிடம் சொன்னபோது கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது.

பயிற்சியாளர் திட்டவில்லை. நேராகச் சொன்னார்: "இந்த மாசத்துக்குள்ள இன்னொரு ஒத்திகை இருக்கு. எப்போன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு வாசலை நீங்க சரியா பார்த்துக்கிட்டா இந்த இடம் உங்களுது. இல்லன்னா இங்க வேற ஆளைப் போட்டுட்டு உங்களை ஊருக்கு வெளியில இருக்கிற கோடவுனுக்கு மாத்தச் சொல்லிடுவேன். கோபத்துல சொல்லலை. அன்னைக்கு நிஜமாவே தீ பிடிச்சிருந்தா அந்த மனுசர் வீட்டுக்கு யார் போன் பண்றது?"

கோடவுன் என்றால் சுற்றுச்சுவரும், அதற்குள் பெட்டிகளும்தான். ஏஜென்சி மேனேஜர் போனில் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அங்க ஒரு தொந்தரவும் இல்லண்ணே, நாள் பூரா ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றாராம். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எங்கள் அண்ணனுக்கு அது தண்டனை. "ஆளே வராத இடத்துல நான் யாருக்கு மேடம் பாதுகாப்பு? பெட்டிகிட்ட போய் சௌக்கியமான்னு கேக்கவா?" என்றார். கேட்கக்கூடியவர்தான் என்பதால் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் புடவைகளை இஸ்திரிக்குக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை. முன்னறை முழுக்க மேஜையும் துணி மூட்டைகளும் சூடான துணி வாசனையும். உள்ளே பயிற்சி மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அண்ணன் சமையலறை வாசலில் கதவுக்குக் காவலாக நின்றார். அவர் மனைவிதான் பல் டாக்டர். ஒரு கையில் காய்கறிப் பையும், போனுக்குப் பதிலாகக் காதில் மடித்து வைத்த இஸ்திரிப்பெட்டிப் பிடிதுணியுமாக, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். அந்த நடையைப் பார்த்திருந்தால் டாக்டர் மறுபடியும் செத்திருப்பார்.

"நில்லுங்க" என்றார் அண்ணன்.

கல்லூரிக்குப் போகிற மகள் புத்தகத்திலிருந்து தலை தூக்கி, "அப்பா, நிக்கச் சொல்றீங்களா, சாப்பிடச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து என்னையே ஒரு தடவை நில்லுன்னு சொன்னதில்ல. இவரு டாக்டரை நிறுத்தப் போறாராம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் சமையலறைக்குள் புகுந்துவிட்டார். அங்கிருந்தே தலையை நீட்டி என்னிடம், "எங்க கல்யாண போட்டோ பார்த்திருக்கீங்களா? ஒண்ணுலயும் இவரு முகம் தெரியாது. மேடை ஏறி வந்த அத்தனை பேருக்கும் சல்யூட். கையைத்தான் நான் கட்டிக்கிட்டேன்னு எங்க அண்ணன் இன்னும் கிண்டல் பண்ணுவான்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என் புடவைகளை எண்ணி வாங்கும்போது குரல் இறங்கிவிட்டது. "கோடவுனுக்குப் போட்டாங்கன்னா இந்த மனுசன் வாடிப்போயிடுவார் மேடம். வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா உங்க கட்டடத்துக் கதைதான் சொல்லுவாரு. உங்க எல்லாரையும் எனக்கு அப்படித்தான் தெரியும்."

அந்த அம்மாள் சும்மா கவலைப்படுகிற ரகம் இல்லை. தொழில் தெரிந்தவர். அண்ணனின் சட்டையில் வலது கை மட்டும் கஞ்சியில் மூன்று முறை முக்கி எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார். முழங்கை மடங்கினால்தானே சல்யூட் என்பது அவர் கணக்கு. மறுநாள் அண்ணன் ஒரு பக்கம் மட்டும் அட்டை கட்டிய மாதிரி வந்து நின்றார். பலன்? கை வழக்கம்போல எழும்பியது. ஒரே வித்தியாசம், இப்போது 'மடமட'வென்று சத்தமும் சேர்ந்து வந்தது. அதுவரை கவனிக்காதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தத்துக்குப் பின் காது சொறிதல், அதற்குப் பின் அசட்டுச் சிரிப்பு. மாதம் இப்படியே ஓடியது. மணி எப்போது அடிக்குமோ என்று அண்ணனைவிட நாங்கள்தான் பதறிக்கொண்டிருந்தோம்.

முந்தாநாள் மதியம் அடித்தது.

'வந்துவிட்டது அண்ணன் பரீட்சை' என்றுதான் நினைத்தேன். ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். அதை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். மாடிக் காவலாளி வந்து கதவைத் தட்டி, "மேடம், இப்பவே" என்றார். படியில் இறங்கும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாடை. அப்போதும் என் புத்திக்கு எட்டவில்லை. பயிற்சியாளர் ஏற்பாடுகளில் குறை வைக்க மாட்டார் என்று மெச்சிக்கொண்டேன்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. ஜெராக்ஸ் கடையில் ஒரு மெஷின் தீப்பிடித்து, கடைக்காரர் இருமிக்கொண்டே மேலே ஓடி வந்திருக்கிறார். மணியை அடித்ததே அண்ணன்தான்.

வாசலில் அவர் இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வலது கையை ரோட்டின் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். "நடங்க, நடங்க. ரோட்டைத் தாண்டி நில்லுங்க. பேசாதீங்க." பேசாதீங்க என்று சொன்னது எங்கள் அண்ணன்! நான் ஆச்சரியத்தில் நின்றே விட்டேன். "மேடம், உங்களைத்தான்" என்றார். நடந்தேன்.

எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வந்திருந்தார்கள். கணக்கு அலுவலகத்துப் பெரியவர், டீச்சரும் பிள்ளைகளும், கல்லாச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு மருந்துக்கடை அக்கா. பல் டாக்டரின் உதவியாளர், கழுத்தில் காகிதத் துண்டும் வாயில் பஞ்சுமாக ஒரு பேஷன்டைக் கைப்பிடித்து அழைத்து வந்திருந்தார். அண்ணன் வாக்கி டாக்கியில் மாடி மாடியாகக் கேட்டு, ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் காட்டிப் படியில் நின்றார். தரையோரத்து ஜன்னல் கம்பிகளுக்குள்ளிருந்து கறுப்பாகப் புகை கசியத் தொடங்கியது. அப்போதுதான் இது ஒத்திகை இல்லை என்று எங்களுக்கு உறைத்தது.

தெருமுனையில் வாசனைத் திரவியம் வந்தது. பின்னால் பல் டாக்டர் வந்தார். அதே சாப்பாட்டுப் பை, அதே போன். அவர் வந்த பக்கத்திலிருந்து ஜன்னல் தெரியாது. மருந்துக்கடை அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கினார். நாங்கள் கத்தினோம், நடுவில் ஒரு பஸ் போனது, அவர் காதில் விழவில்லை.

டாக்டர் வாசலுக்கு வந்தார். எங்கள் கூட்டத்தையும் சாத்திய கதவையும் பார்த்தார். "மறுபடியும் ஒத்திகையா? எனக்குத்தான் இது ஏற்கெனவே ஆயிடுச்சேப்பா" என்று சொல்லிக்கொண்டே, தனக்காகக் கதவு திறந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையோடு படியில் கால் வைத்தார்.

அண்ணனின் வலது கை மேலே போனது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரை 'மடமட' சத்தம் கேட்டதாக மருந்துக்கடை அக்கா சத்தியம் செய்கிறார். மார்பைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. போச்சு, நெற்றிக்குப் போய்விட்டது, கோடவுன்தான் என்று நினைத்து நான் கண்ணை மூடப் போனேன். கை காது வரை வந்தது. காதில் நிற்கவில்லை. நெற்றிக்கும் போகவில்லை. கஞ்சி போட்ட சட்டைக்கை விறைத்து நேராக முன்னால் நீண்டு, விரித்த உள்ளங்கை டாக்டரின் டைக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது.

"நில்லுங்க டாக்டர்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் மனைவியும் கேட்டிருக்க மாட்டார்.

"ஏம்ப்பா, நான்தான்!"

"தெரியுதுங்க டாக்டர். அதனாலதான் நிறுத்துறேன். ஒரு தடவை கொன்னது போதும்."

டாக்டர் உள்ளங்கையைப் பார்த்தார். தலையைச் சாய்த்து, கீழே ஜன்னலிலிருந்து வருகிற புகையைப் பார்த்தார். போனை அணைத்தார். ரோட்டைத் தாண்டி வந்து எங்களோடு நின்றுகொண்டார். பக்கத்தில் பஞ்சோடு நின்ற தன் பேஷன்டைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டார்.

தீயணைப்பு வண்டி வந்தது. எந்தப் படி, எங்கே மெயின் ஸ்விட்ச், உள்ளே ஆள் இல்லை என்று அண்ணன் சுருக்கமாகச் சொல்லி ஒதுங்கி நின்றார். அவருடைய 'வர்ற வரைக்கும்' முடிந்தது. மெஷின் ஒன்று போயிற்று, சுவர் கரியாயிற்று. மனிதர்களுக்கு ஒரு கீறல் இல்லை. பயிற்சியாளர் மேடம் மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தார். "இந்த ஒத்திகையை நான் வைக்கலையே!" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதை சொன்னோம். கேட்டு முடித்ததும் அவர் போனை எடுத்து ஏஜென்சியைக் கூப்பிட்டு, அண்ணனுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "கோடவுனுக்கு வேற ஆள் பாருங்க. இவரை நான் விட மாட்டேன்."

அண்ணனின் மீசை துடித்தது. வலது கை லேசாக எழும்பியது. அதை இடது கையால் பிடித்து இறக்கிவிட்டார்.

திரும்பப் போகலாம் என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னபோது வெயில் தாழ்ந்திருந்தது. வரிசையாக உள்ளே போனோம். எனக்கு முன்னால் பல் டாக்டர். அவர் கதவருகில் நின்றார். சாப்பாட்டுப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை அண்ணன் முன்னால் நீட்டினார். எத்தனையோ வருஷமாக சல்யூட் வாங்கிக்கொண்ட மனிதர் கைகுலுக்கக் கேட்டு நின்றார். வரிசையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை என்று பார்த்தார். தன் இரண்டு கையும் சும்மாவே இருக்க, "அப்புறம் டாக்டர், சாயங்காலம் டூட்டி முடிச்சுட்டு நானே வர்றேன். இப்ப நகருங்க, பின்னால ஆள் நிக்கிறாங்க" என்றார்.

டாக்டர் கையை மடக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே, நல்ல பிள்ளையாக உள்ளே போனார். அடுத்த ஆள் நான். அண்ணன் என் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.